மொட்டை மாடிக்கு 78,000 ரூபாய்! தெரியுமா?

துணி காயப்போட, வடகம் பிழிய, கோடையில் பாய் விரிக்க... மொட்டை மாடிக்கு வேறென்ன வேலை என்கிறீர்களா? அங்கே ஒரு கிலோவாட் சோலார் பேனல் போட்டால் மத்திய அரசு 30,000 ரூபாய் மானியம் தருகிறது, தெரியுமா? இரண்டு கிலோவாட்டுக்கு 60,000! மூன்றுக்கு 78,000! நான்கு போட்டால்? அப்போதும் அதே 78,000தான், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது!

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் இது. இலக்கு 1 கோடி வீடுகள்! ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய்! மானியம் யார் கைக்குப் போகும் தெரியுமா? பேனல் மாட்டும் நிறுவனத்துக்கு அல்ல, நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு! ஆனால் முதலில் நீங்கள் செலவு செய்ய வேண்டும். பதிவு பெற்ற நிறுவனம் மாட்ட வேண்டும். மின்வாரியம் வந்து, வரும் மின்சாரத்தையும் போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்த வேண்டும். பேனலும் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். விலை மலிவு என்று வெளிநாட்டுப் பேனலை மாட்டினால் மானியம் போயே போச்சு!

கையில் முதல் இல்லையா? மூன்று கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் உண்டு! திட்டம் அறிவித்தபோது வட்டி சுமார் 7 சதவீதம். நகைக் கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஒரு கிலோவாட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? சுமார் 100 சதுர அடி! அது தரும் மின்சாரம் நாளுக்குச் சுமார் 4 யூனிட். மூன்று கிலோவாட் போட்டால் மாதம் 360 யூனிட்! நம் ஊர் கணக்குப்படி இரண்டு மாத பில்லுக்கு 720 யூனிட்!

இப்போது ஒரு வேடிக்கை. வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு கரண்ட் வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல! அதன் வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டிவிட்டால், ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் சரியும். அக்னி நட்சத்திரத்து மத்தியானத்தில் நம்மைப் போலவே பேனலும் சோர்ந்துபோகிறது!

இன்னொன்று. பேனலை எவ்வளவு சாய்த்து வைக்க வேண்டும் தெரியுமா? ஏறக்குறைய உங்கள் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு, தெற்குப் பார்த்து! சென்னைக்கு 13 டிகிரி. கன்னியாகுமரிக்கு வெறும் 8! தெற்கே போகப் போகப் பேனல் படுத்துக்கொண்டே போகிறது!

சோலார் இருக்கிறது, இனி கரண்ட் கட்டானால் கவலையில்லை என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசலாமா? பொறுங்கள்! பேட்டரி இல்லாத சாதாரண சோலார் அமைப்பு, தெருவில் கரண்ட் போன அந்த நொடியே தானும் நின்றுவிடும்! உச்சி வெயில் அடித்தாலும் மின்விசிறி சுற்றாது! ஏன்? உங்கள் மாடி மின்சாரம் கம்பிக்குள் போனால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து!

அடுக்குமாடியில் இருக்கிறீர்கள், மாடி உங்களுக்குச் சொந்தமில்லையா? குடியிருப்போர் சங்கத்துக்கும் மானியம் உண்டு! லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகிய பொதுச் செலவுக்கு என்றால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்! அதிகபட்சம் 500 கிலோவாட் வரை! சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் சண்டைக்கு நடுவே இதையும் யாராவது எழுப்பலாம்!

2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, தெரியுமா? சைக்கிளுக்கும் அப்படியே 12 லிருந்து 5!

இதெல்லாம் டெல்லி கொடுப்பது. தமிழ்நாட்டுக்குச் சொந்தமாக ஒரு சோலார் கதை உண்டு, அது இதைவிடப் பழையது! 2011-ல் தொடங்கியது முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். ஊர்ப்பக்கம் ‘பசுமை வீடு’ என்றால் போதும், எல்லோருக்கும் தெரியும்! வருடத்துக்கு 60,000 வீடு. ஐந்து வருடத்தில் 3 லட்சம் வீடு! ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். ஒவ்வொன்றிலும் சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள்: கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, கழிவறையில் ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று! வீட்டின் அளவு என்ன தெரியுமா? 300 சதுர அடி. இன்று மூன்று கிலோவாட் பேனலுக்குக் கேட்கும் இடமும் அதேதான்!

ஒரு யூனிட், 233 ரூபாய்!

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2016 மே மாதம் வந்த சலுகை. 501-வது யூனிட்டின் கதை தெரியுமா?

2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு? 1,958 ரூபாய்! ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய்! தப்புக் கணக்கு இல்லை. அந்த யூனிட்டின் விலை 8 ரூபாய்தான். ஆனால் 500-ஐத் தாண்டியதுமே, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த பாதி விலைச் சலுகை பறிபோய்விடும்! அதற்குப் பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் இந்தக் கிடுக்கிப்பிடி அப்படியேதான் இருக்கிறது. சிக்கனத்துக்கு இதைவிடக் கறாரான ஊக்கத்தொகை உலகில் எங்காவது உண்டா, சொல்லுங்கள்!

அந்த எல்லையிலேயே தடுமாறும் வீடா உங்களுடையது? மேலே பாருங்கள்! பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் வைத்த புது மின்விசிறி 28 வாட்தான்! நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால், ஒரு மின்விசிறியில் இரண்டு மாதத்துக்கு மிச்சம் சுமார் 34 யூனிட். மூன்று மின்விசிறியை மாற்றினால்? 101 யூனிட்! அரசு கொடுக்கும் இலவச 100 யூனிட்டை இன்னொரு முறை வாங்கிக்கொண்டதாக அர்த்தம்!

மின்விசிறிக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயம் என்று ஆனது 2023-ல். கடையில் நிறத்தையும் இறக்கையையும் பார்க்கிறோமே, அந்தச் சின்ன ஸ்டிக்கரை எத்தனை பேர் பார்க்கிறோம்?

புது ஏசியை ஆன் செய்ததும் 24 டிகிரி காட்டுகிறதே, ஏன்? கம்பெனிக்காரர் விருப்பமில்லை, அரசு உத்தரவு! 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24-ல்தான் தொடங்க வேண்டும்! ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. 18-ல் வைத்துவிட்டு இரண்டு போர்வை போர்த்திக்கொள்வோர் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

எல்இடி பல்பு விலை விழுந்த வேகம் தெரியுமா? 2014-ல் அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்த விலை, பல்பு ஒன்றுக்கு 310 ரூபாய். 2016-ல்? 38 ரூபாய்! உஜாலா திட்டத்தில் நாடு முழுக்க விநியோகித்தவை 36 கோடிக்கும் மேல்! மானியமே தராமல், மொத்தமாக வாங்கியே விலையை உடைத்துவிட்டார்கள்!

மாடியில் ஒரு ரயில்!

உங்களுக்கு ஒரு கேள்வி. அதிகம் மழை பெய்வது லண்டனிலா, சென்னையிலா? குடையும் கையுமாக இருக்கும் லண்டன்தானே? இல்லவே இல்லை! லண்டனின் வருட மழை சுமார் 600 மில்லிமீட்டர். சென்னைக்கோ சுமார் 1,400! இரண்டு மடங்குக்கும் மேல்! அங்கே வருடமெல்லாம் தூறுகிறது. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது!

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்? சரியாக ஒரு லிட்டர்! அப்படியானால் 1,000 சதுர அடி மாடியில் சென்னையின் ஒரு வருட மழை? 1,30,000 லிட்டர்! ஆவியாவது, சிதறுவது எல்லாம் போக 80 சதவீதம் பிடித்தாலே 1,04,000 லிட்டர்! 12,000 லிட்டர் லாரி எட்டரைக்கும் மேல்! ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோல்படி, நாலு பேர் குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்கும் மேல் வரும்!

2019 கோடை நினைவிருக்கிறதா? ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் தண்ணீர் வந்ததே! ஜூலை 12-ல் வந்த முதல் ரயிலில் 50 வேகன். மொத்தம் 25 லட்சம் லிட்டர்! தொலைக்காட்சிகள் நேரலை போட்டன! இப்போது மேலே உள்ள கணக்கைக் கொண்டு அதை வகுத்துப் பாருங்கள். வெறும் 24 மொட்டை மாடி! ஒரு சின்னத் தெருவின் மாடிகளில் ஒரு வருடம் விழும் மழைதான் அந்த ரயில் முழுக்க வந்தது!

மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் எது? நம் தமிழ்நாடுதான்! 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் அவசரச் சட்டம். முதலில் வைத்த கெடு ஆகஸ்ட் 31. புது வீடு, பழைய வீடு, அரசுக் கட்டடம் எதற்கும் விலக்கில்லை. கட்டாவிட்டால் குடிநீர் இணைப்புத் துண்டிப்பு! மற்றத் திட்டங்களில் பணத்தைக் காட்டி அழைக்கிறார்கள், இதில் குழாயைக் காட்டி மிரட்டினார்கள். மிரட்டல்தான் வேகமாக வேலை செய்தது என்பது என் எண்ணம்!

அதற்கு ஒரு வருடம் முன்பே, 2002-ல், சென்னை மந்தைவெளிப்பாக்கத்தில் மழைக்கென்றே ஒரு மையம் திறந்தாயிற்று, தெரியுமா? பெயரே ‘மழை இல்லம்’! நடத்துவது ஆகாஷ் கங்கா அறக்கட்டளை. அந்த அறக்கட்டளையைச் சேர்ந்த சேகர் ராகவன் இயற்பியல் படித்தவர். 1995 வாக்கில் பெசன்ட் நகரில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, ‘உங்கள் மாடித் தண்ணீரை மண்ணுக்குள் விடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டு போனவர்! சட்டம் வருவதற்கு எட்டு வருடம் முன்பு!

எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் குழி போதும் என்று நினைக்கிறீர்களா? பெசன்ட் நகர் மாதிரி மணற்பாங்கான இடத்தில் ஆழமில்லாத உறிஞ்சு குழியே போதும்! களிமண் பகுதியிலோ தண்ணீர் அப்படியே நிற்கும், கீழே இறங்காது. அங்கே களிமண்ணைத் தாண்டி இறங்கும் கிணறு வேண்டும். பழைய திறந்த கிணறு வீட்டில் இருக்கிறதா? அதைத் தூர்த்துவிடாதீர்கள்! மாடிக் குழாயை வடிகட்டி வழியே அதற்குள் விட்டால், புதிதாகத் தோண்டும் செலவே இல்லை!

2003-ல் அவசர அவசரமாகக் கட்டிய எத்தனையோ தொட்டிகளில் இன்று இருப்பது என்ன? காய்ந்த இலையும் தேங்காய் நாரும்! அதிலுள்ள கூழாங்கல்லை எடுத்துக் கழுவிப் போட வருடத்தில் ஒரு காலைப்பொழுது போதும். புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை நேராக மண்ணுக்குள் இறங்கும்!

தண்ணீர்க் கதையில் இன்னும் ஒன்று. பழைய வகை ஆர்ஓ கருவி ஒரு லிட்டர் குடிநீர் தர, எவ்வளவு தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பும் தெரியுமா? சுமார் 3 லிட்டர்! 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே தலையிட்டு, உள்ளே போகும் தண்ணீரில் 60 சதவீதமாவது குடிநீராக வெளியே வர வேண்டும் என்றது! கழிவுநீர் வெளியேறும் குழாயின் முனையில் ஒரு வாளி வைத்தால், தரை துடைக்கத் தனியாகத் தண்ணீர் பிடிக்க வேண்டாம்.

கத்தரிக்காய்க்கு மானியம்!

900 ரூபாய்ப் பொருள் 225 ரூபாய்க்குக் கிடைத்தால் விடுவீர்களா? தள்ளுபடிக் கடையில் இல்லை, தோட்டக்கலைத் துறையில்! 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில் மாடித்தோட்டத் தளை அந்த விலைக்குத்தான் கொடுத்தார்கள்! உள்ளே என்னென்ன? ஆறு வகைக் காய்கறி விதை, ஆறு செடி வளர்ப்புப் பை, இரண்டிரண்டு கிலோவில் ஆறு தென்னை நார்க்கழிவுக் கட்டி, உயிர் உரம், வேப்ப எண்ணெய் மருந்து! படித்துப் பார்த்து வளர்க்க ஒரு கையேடு வேறு! கிராமத்தில் தோட்டம் போடுவோருக்கு 12 வகை விதைப் பாக்கெட் 15 ரூபாய்! ஒரு டீ விலை! விலையும் அளவும் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

அந்தத் தென்னை நார்க்கழிவு சாதாரணமில்லை! தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும்! ஒரு காலத்தில் கயிறு ஆலைகளுக்குப் பின்னால் யாரும் சீந்தாமல் மலைமலையாகக் குவிந்து கிடந்த கழிவு இது. இன்று பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டி கட்டியாகக் கப்பலேறுகிறது!

உரத்துக்கு எங்கே போவது? சமையலறைக்குத்தான்! காய்கறித் தோல், டீத்தூள், வாடிய பூ எல்லாவற்றையும் துளையிட்ட பானையில் போட்டு, மேலே கொஞ்சம் நார்க்கழிவைத் தூவி வந்தால் இரண்டு மாதத்தில் கருகருவென்று உரம்! நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் நார்க்கழிவு போட்டால் சரியாகிவிடும்!

பத்து ரூபாய் போட்டால் பை!

பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் பார்த்திருக்கிறீர்களா? 2022 ஜூனில் கோயம்பேடு சந்தையில் வந்தது! 2021 டிசம்பர் 23-ல் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தின் பிள்ளை அது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை! மஞ்சப்பையோடு வந்தால் பட்டிக்காட்டான் என்று சினிமாவில் சிரித்தார்களே, இப்போது அதே பை கல்யாணத் தாம்பூலத்தில் கெத்தாக வருகிறது!

காலி மதுபாட்டிலுக்கும் ஊக்கத்தொகை உண்டு, தெரியுமா? சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்ப வரும்! காட்டில் யானைக் காலைக் கிழித்த கண்ணாடிச் சில்லுகளைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு!

ஆனால் இதற்கெல்லாம் மூத்த திட்டம் எது? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்! அரசாணை இல்லை, விண்ணப்பம் இல்லை, ஆதார் இல்லை! ஓட்டை வாளியைப் போட்டால் உடனே கையில் பழம்! பழைய சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவர்களும் அதே வரிசைதான். காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப்போகும் பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி அலுமினியமாக்க எவ்வளவு மின்சாரம் ஆகும் தெரியுமா? தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆவதில் வெறும் 5 சதவீதம்! நசுங்கிப்போன குண்டாவை இனி அலட்சியமாகப் பார்க்காதீர்கள்!

கரண்ட் விற்கும் ஊராட்சி!

வீட்டுக்குத்தான் மானியமா? ஊருக்கே உண்டு! சூரிய வீடு திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமம். 5,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்கள் ஆறு மாதம் போட்டி போட வேண்டும். ஜெயிக்கும் ஊருக்குப் பரிசு 1 கோடி ரூபாய்! ஒவ்வொரு வீட்டு மாடியிலும் பேனல் ஏற ஏற உள்ளாட்சிக்குத் தனியாக 1,000 ரூபாய் வேறு!

இந்தக் கோடி ரூபாய்ப் போட்டியெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஓர் ஊராட்சி தனியாகக் களத்தில் இறங்கிவிட்டது, தெரியுமா? கோவை மாவட்டம், மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை! 2006-ல் ஊராட்சியே சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது! 350 கிலோவாட். விலை 1.55 கோடி! ஊராட்சியிடம் இருந்த சேமிப்பு 40 லட்சம். மிச்சத்துக்கு? வங்கியில் கடன்! அப்போதைய தலைவர் சண்முகம் முன்னின்று நடத்திய காரியம் இது.

வேடிக்கை என்னவென்றால், காற்றாலை ஊரிலேயே இல்லை! காற்று நன்றாக அடிக்கும் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நட்டார்கள். அங்கே காற்றாலை சுற்றியது, அந்த மின்சாரத்தின் கணக்கில் இங்கே தெருவிளக்கு எரிந்தது, குடிநீர் மோட்டார் ஓடியது! ஊருக்குப் போக மிஞ்சியதை யாருக்கு விற்றார்கள்? வேறு யாருக்கு, மின்வாரியத்துக்கேதான்! அந்த வருமானத்திலேயே வங்கிக் கடனும் அடைந்துவிட்டது!